கரை சேர்ந்த குரல்

தேற்றாத்தீவுக் கரையில், முழங்கால் அளவு வாவித் தண்ணீரில் ஒரு பெண் மேற்கே பார்த்தபடி நின்றாள். பஸ்லான் ஓட்டோவைத் தென்னை நிழலில் விட்டுவிட்டு இறங்கிப்போய், "அன்னப்பூரணியக்கா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

கச்சான் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. குரலைக் காற்றுக் கொண்டுபோய்விட்டதாக்கும் என்று எண்ணி, இன்னும் உரத்துக் கூப்பிட்டான். அப்போதும் அந்த முதுகு அசையவில்லை.

"சுலோக்கா, நம்மளக் கூப்பிட்ட மனிசிக்குக் காது கேளாது போல. இந்த வழக்கக் கையால சைகை காட்டித்தான் நடத்தோணும்" என்றான் பஸ்லான்.

சுலோஜனா ஓட்டோவை விட்டு இறங்கி வந்தாள். காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது மட்டக்களப்பு நகரில் டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறிபவள் அவள். பேச வேண்டியதில் பாதியைத்தான் பேசுவாள். மீதியைக் காத்தான்குடிப் பஸ்லான் பேசிவிடுவான். ஓட்டோ ஓட்டுவதும் ஒத்தாசை செய்வதும் அவன் வேலை. வாய் மட்டும் இனாம்.

மூன்றாம் தரம் அவன் கூப்பிட்டதும் அந்தப் பெண் சட்டென்று கிறுகிப் பார்த்து, "வாறன்" என்றாள். காதில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. பஸ்லானுக்கு அது வியப்பாக இருந்தது. சுலோஜனா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் சொன்ன கதை இது. புருசன் கோணாமலை நேற்றுப் பின்னேரம் தனியாகச் சிறு தோணியில் வலை போடப் போனான். விடியக் கரை தொடுகிறவன் வரவில்லை. மீனவர் சங்கத்துப் படகுகள் தேடிப் போயின. வெயில் ஏறும் நேரத்தில் களுவாஞ்சிகுடியிலுள்ள குரல் உதவி நிலையத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு செய்தி வந்தது: கோணாமலை கரை சேர்ந்தார். படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன.

அந்த நிலையம் வாவித் தோணிக்காரருக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுத்திருக்கிறது. உள்ளங்கை அகலம், தண்ணீர் புகாது, தோணியின் முன்பக்கத்தில், அணியத்தில், கட்டிவிடுவார்கள். தோணி வரும் நேரத்துக்கு வராவிட்டால் பெட்டி ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆள் வாயால் சொல்வதை நிலையத்திலுள்ள இயந்திரம் விளங்கிக்கொண்டு கரைக்கு அறிவிக்கும். மட்டக்களப்புப் பேச்சை இயந்திரத்துக்குப் படிப்பிக்கவென்று கோணாமலையும் மற்ற மீனவர்களும் நிலையத்துக்குப் போய்ப் பக்கம் பக்கமாக வாசித்துக் குரல் கொடுத்தவர்கள்தான்.

"கரைக்கு வந்தவர் வீட்ட வரல்ல. தோணி ஒரு துறையிலயும் இல்ல" என்றாள் அன்னப்பூரணி. பொலிசுக்குப் போனாளாம். வளர்ந்த மனிதன், கரைக்கும் வந்துவிட்டான், பசித்தால் வீட்டுக்கு வருவான் என்று அனுப்பிவிட்டார்களாம். கரையில் வேறொரு பேச்சும் கிளம்பிவிட்டது. அக்கரையில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாளாம்.

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. வறண்டுபோயிருந்தது.

"இன்னொருத்தி இருந்தாலும் இருந்திட்டுப் போகட்டும். உசிரோட இரிக்காரெண்டு ஆராச்சும் சொன்னாப் போதும் எனக்கு."

பஸ்லானிடம் தயாராக ஒரு பகிடி இருந்தது. அதை விழுங்கிவிட்டான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இருட்டினால் இந்தக் காற்றில் எந்தப் படகும் வெளிக்கிடாது. ஒரு குரல் கரை சேர்ந்ததை நம்பித் திரும்பியவர்களை மறுபடி தண்ணீரில் இறக்க வேண்டுமானால், அந்தக் குரல் பொய் என்று காட்ட வேண்டும். மூவரையும் சுமந்துகொண்டு ஓட்டோ களுவாஞ்சிகுடிக்குப் பறந்தது.

நிலையம் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடி. குளிரூட்டியின் காற்று எலும்பில் பட்டது. ஒரு மூலையில் சுவர்களுக்கெல்லாம் மெத்தை அடித்த சிறு அறை, உள்ளே கதிரையும் ஒலிவாங்கியும். மீனவர்கள் உட்கார்ந்து வாசித்த இடம் அது. எதிரே பெரிய திரையில் தோணிக்காரரின் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பச்சைப் பொட்டு.

"எல்லாம் பச்சையா இரிக்கி. எங்கட ரோட்டுச் சிக்னல் இப்படிக் காட்டினா நான் எப்பவோ பணக்காரன்" என்று முணுமுணுத்தான் பஸ்லான்.

பொறுப்பாளன் நிதுர்ஷன் கரடியனாற்றுப் பொடியன். படித்து வந்த பொறியியலாளன். ஸ்திரிக்கை போட்ட சட்டைக்கு மேலே நித்திரை கொள்ளாத கண்கள். இயந்திரத்தின் புதிய பதிப்பைப் பார்க்கப் பின்னேரம் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவதாகவும், சுணங்காமல் பேசி முடிக்கும்படியும் கேட்டுக்கொண்டான். சுலோஜனா அந்த அழைப்பைப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. தெளிவாக, ஊரும் உறவும் இல்லாத குரல். "கோணாமலை" என்றது. உடனே ஓர் ஆண் குரல், "நான் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். எனக்கு உதவி தேவையில்லை" என்றது. அவ்வளவுதான்.

எல்லாரும் அன்னப்பூரணியைப் பார்த்தார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்தான்" என்றாள். "அவர்ட குரல்தான்."

வழக்கு அந்த இடத்தில் முடிந்துபோனது போல இருந்தது. பொய்க் குரல் என்று காட்ட வந்த இடத்தில், பெண்சாதியே மெய்க் குரல் என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் கரையில் பேசிய பேச்சும் மெய். அவள் தன்பாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று பஸ்லான் வாயைத் திறந்தான்.

"தம்பி, வாவிக்க நிண்டு பேசுறவன் செய்தி வாசிக்கிற மாதிரியா பேசுவான்? வந்து சேர்ந்துவிட்டேனாம். காத்தான்குடியில இப்படிப் பேசினா ஆளக் கட்டி வச்சித் தண்ணி ஊத்துவானுகள்."

நிதுர்ஷன் அசரவில்லை. இயந்திரத்தோடு பேசும்போது எல்லாருமே புத்தகத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள் என்றான். பழைய பதிப்புக்குப் புத்தகத் தமிழ்தான் நன்றாக விளங்கியது, ஆட்கள் அதற்கேற்ப நாக்கை வளைத்துக்கொண்டார்கள், அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் புதிய பதிப்பு. பஸ்லான் தன் கைத்தொலைபேசியோடு தானே இரண்டு நாளைக்கு முன் அப்படிப் பேசியதை நினைத்து வாயை மூடினான்.

பிறகு அவனுக்கு இன்னொன்று தோன்றியது. வெளியே காற்று ஊளையிடுகிறதே, அந்தப் பதிவில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஒரு கொக்குக் கூடக் கத்தவில்லையே என்று கேட்டான். அதற்கும் விடை தயாராக இருந்தது. பேச்சு அல்லாத எல்லாவற்றையும் இயந்திரம் துடைத்துவிடும். துடைத்தால்தான் பேச்சு விளங்கும்.

பஸ்லான் கையிலிருந்த இரண்டு துருப்பும் போய்விட்டன. சுலோஜனாவைப் பார்த்தான். அவள் இன்னொரு தரம் போடச் சொன்னாள். "கோணாமலை" என்ற ஓசை அடங்குமுன்னே பதில் வந்து விழுந்தது. மறுகாவும் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு இயந்திரத்தை விட்டுவிட்டு, தரையில் இருந்தவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அன்னப்பூரணி, கரையில இவன் உங்களக் கூப்பிட்டானே. முதல் ரெண்டு தரமும் கேட்டதா?"

"கேட்டது."

"ஏன் கிறுகல்ல?"

அவள், இது ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தாள். "தண்ணிக்க நிக்கக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிட்டா எங்கட ஆக்கள் மூண்டாந்தரம்தான் வாய் திறக்கிற. உருவம் இல்லாத சாமானுகளும் பேர் சொல்லிக் கூப்பிடும். அதுகள் ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிடாது. முதல் கூப்பாட்டுக்கு ஓமெண்டு சொன்னவன் அதுக்குப் பின்னால போயிடுவான்."

"உங்கட மனிசனும் அப்படியா?"

"அவரா? என்னையே மூண்டு தரம் கத்த வைக்கிற மனிசன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயில் கை வைத்தாள். 

சுலோஜனா எழுந்தாள். "இந்தக் குரல் முதல் கூப்பாட்டுக்கே பாய்ஞ்சு விழுந்து பதில் சொல்லுது. அப்ப இதைச் சொல்லக்குள்ள அவர் தண்ணில இல்ல. ஒரு பயமும் இல்லாம, பேப்பரைப் பாத்து வாசிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தக் கதிரையில." மெத்தை அடித்த அறையைக் காட்டினாள். "வாசிக்கக் குடுத்த வசனங்களில இதுவும் ஒண்டு. என்ன தம்பி?"

நிதுர்ஷன் மேசையில் முழங்கை ஊன்றி முகத்தைப் பொத்திக்கொண்டான். விடிந்ததிலிருந்து பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, பதில் இல்லை, பொட்டுச் சிவப்பாகவே கிடந்தது. பெட்டியை மறந்து தோணியில் விட்டுவிட்டு ஆட்கள் போய்ப் படுத்துவிடுவது வழக்கம், கோணாமலையும் அப்படித்தான் என்று நிதுர்ஷன் எண்ணிவிட்டான். பார்க்க வருகிறவர்கள் முதன்முதலில் ஒரு சிவப்பைப் பார்க்கக் கூடாதென்று, களஞ்சியத்திலிருந்த கோணாமலையின் குரலை எடுத்து இயந்திரத்தின் காதில் போட்டான். இயந்திரம் நம்பிப் பச்சை காட்டியது. தானாகவே சங்கத்துக்கும் அறிவித்துவிட்டது. படகுகள் தேடிப்போனதே தனக்குத் தெரியாது என்றான்.

"படகுகள் திரும்பினது உங்களாலயா" என்று மட்டும் அன்னப்பூரணி கேட்டாள். 

இப்போது குரல் பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஆள் எங்கே? வாவி வடக்கும் தெற்குமாகக் கண்ணெட்டாத தூரம் நீண்டு கிடக்கிறது. பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டாதா என்று பஸ்லான் கேட்டான். மலிவாகச் செய்த பெட்டி, அந்த வசதி அதில் இல்லை. இடத்தை வாயால் சொல்ல வேண்டும், அதற்காகத்தானே இவ்வளவு பேச்சும் படிப்பித்தது. நாங்கள் பேசி அனுப்ப முடியாதா என்று கேட்டான். அதுவும் முடியாது. பெட்டிக்குள்ளே அந்தப் பெண் குரல் முன்பே பதிந்து கிடக்கிறது, இங்கிருந்து போவது கட்டளை மட்டும். நிதுர்ஷன் திரையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினான். கோணாமலையின் பெட்டியில் பற்றரிக் கோடு மயிரிழையாகத் தேய்ந்திருந்தது.

"இன்னும் ஒருக்காக் கூப்பிடலாம். அதோட செத்திடும். விடிஞ்சதில இருந்து கூப்பிட்டதுக்கே ஒரு சத்தமும் இல்ல, மிஸ்."

"ஒவ்வொரு முறையும் எத்தினை தரம் பேர் சொல்லும்?" என்று கேட்டாள் சுலோஜனா.

"ரெண்டு."

பஸ்லான் சட்டென்று அன்னப்பூரணியைத் திரும்பிப் பார்த்தான்.

முன்பு மூன்று தரம் கூப்பிடும்படிதான் இருந்தது என்றான் நிதுர்ஷன். வாவியில் இருந்தவர்கள் எல்லாரும் மூன்றாம் தரத்துக்குத்தான் பதில் சொன்னார்கள். முதல் இரண்டு பதிலையும் இயந்திரம் கேட்கத் தவறுகிறது, அதன் காது மந்தம் என்று அவன் முடிவு கட்டினான். மாதக்கணக்கில் பாடுபட்டு அதன் காதைக் கூர்மையாக்கினான். பழைய ஆண் குரலை எடுத்துவிட்டு இந்தப் பெண் குரலைப் பெட்டிகளுக்குள் ஏற்றினான். சோதித்துப் பார்த்ததில் எல்லாரும் முதல் தரமே பதில் சொன்னார்கள். அப்படியானால் மூன்று எதற்கு, பற்றரி வீண் என்று போன கிழமை இரண்டாக்கினான்.

"எங்க வச்சுச் சோதிச்ச?" என்று கேட்டாள் சுலோஜனா.

"இந்த அறையிலதான், மிஸ்."

கரடியனாற்றில் வயல் உண்டு, குளம் உண்டு, வாவி இல்லை. அவனுக்கு இதை யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒன்றென்று மீனவர்களுக்கும் தோன்றவில்லை. அவர்கள் வாசித்த வசனங்கள் எதிலும் அது இல்லை.

அன்னப்பூரணி மெல்ல எழுந்து நின்றாள். கத்தவில்லை.

"தெரியாத பொம்புளைக் குரல். பேரை ரெண்டு தரம் சொல்லிப்போட்டு நிக்கிது. மறுகா ரெண்டு தரம். விடிஞ்சதில இருந்து அவரை நீங்க பேய் மாதிரிக் கூப்பிட்டிருக்கிறீங்க, தம்பி. அவர் காதைப் பொத்திக்கொண்டு கிடந்திருப்பார்."

சுலோஜனா நிதுர்ஷனின் கதிரையைத் திரைப்பக்கம் திருப்பினாள். இரண்டை மூன்றாக்கச் சொன்னாள். சத்தங்களைத் துடைக்கிற வேலையையும் நிறுத்தச் சொன்னாள். அவன் விசைப்பலகையில் குனிந்தான். ஒரே ஓர் இலக்கம். மாதக்கணக்கான உழைப்பெல்லாம் அந்த ஓர் இலக்கத்தில் வந்து நின்றது. எல்லாம் சரியென்றதும் அவன் கையை எடுத்துவிட்டு அன்னப்பூரணியைப் பார்த்தான். இது பிழைத்தால் இன்னொன்று இல்லை.

"கூப்பிடுங்க" என்றாள் அவள்.

துடைப்பு நின்றதும் வாவி அப்படியே அறைக்குள் வந்துவிட்டது. காற்று இரைந்தது. எதன் மீதோ தண்ணீர் சளக் சளக்கென்று மோதியது. அதற்கு மேலே அந்தப் பெண் குரல்.

"கோணாமலை."

காற்று. தண்ணீர்.

"கோணாமலை."

ஒன்றுமில்லை. பேச்சு இல்லை என்று திரையில் எழுத்து விழுந்தது. பஸ்லானின் உதடுகள் சத்தமில்லாமல் ஓதிக்கொண்டிருந்தன. அவனுடைய வாய்க்கு அன்று கிடைத்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

"கோணாமலை."

தண்ணீர் மோதியது. மோதிக்கொண்டே இருந்தது. நிதுர்ஷன் கண்ணை மூடிக்கொண்டான். பற்றரிக் கோடு மினுங்கத் தொடங்கியது. அப்போது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு செருமல் கேட்டது. பின்பு, தொண்டை காய்ந்த ஒரு குரல்.

"ஆரது?"

அன்னப்பூரணி ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மூண்டு தரம் கூப்பிட்டிட்டாய்" என்றது குரல். "அப்ப நீ மனிசர்தான். இஞ்ச கேளு. திருக்கை குத்திப்போட்டுது. கால் அசைக்கேலாது, காய்ச்சல் காயுது. முனைக்காட்டுக்கு இஞ்சால, கண்டல் காட்டுக்க தோணி செருகிக் கிடக்குது. என்ட மனிசிக்குச் சொல்லு, நான்..."

அத்தோடு காற்றும் நின்றது, தண்ணீரும் நின்றது. பற்றரி செத்துவிட்டது.

காற்றின் இரைச்சலுக்குள் கிடந்த அந்தக் குரலை இயந்திரம் பிரித்தறியவில்லை. பேச்சு இல்லை என்று திரையில் இன்னொரு தரம் எழுதியது. அதை வாசிக்க அந்த அறையில் ஒருவரும் இருக்கவில்லை. படியில் முதல் ஆளாக இறங்கி ஓடியவள் அன்னப்பூரணி. கடைசியாக ஓடியவன் நிதுர்ஷன். இறங்கும்போதே சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, செய்தி பொய், தான்தான் செய்தது, படகை இறக்குங்கள் என்று கத்திக்கொண்டு போனான். வாசலில் வாகனத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்த கொழும்பு ஆட்களை அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

சங்கத்து இயந்திரப் படகு அக்கரையில் முனைக்காட்டுப் பக்கத்தை அண்மித்தபோது சூரியன் கண்டல் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் வேரூன்றிய அந்தக் காடு கரை நெடுகிலும் ஒரே இருட்டுச் சுவராக நின்றது. எந்த இடுக்கில் தோணி செருகியிருக்கிறதென்று யார் கண்டது? படகோட்டி சீனித்தம்பி இயந்திரத்தை நிறுத்தினார். காற்றுப் படகை உலுப்பியது. வெளிச்சம் கண்முன்னே குறைந்துகொண்டு வந்தது.

அன்னப்பூரணி அணியத்தில் எழுந்து நின்றாள். பெயர் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"இஞ்சேருங்க" என்று கூப்பிட்டாள்.

காட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"இஞ்சேருங்க."

ஒரு கொக்குக் கூட எழும்பவில்லை. சீனித்தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஆள் இங்கே இல்லை, வேறு பக்கம் போவோம் என்று இயந்திரத்தில் கை வைத்தார். நிதுர்ஷன் படகின் அடித்தட்டில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். பஸ்லான் எட்டிச் சீனித்தம்பியின் கையைப் பிடித்தான்.

"பொறுங்க அண்ணே" என்றான். "இன்னும் ஒண்டு இரிக்கி."

அவள் மூச்சைப் பிடித்து மூன்றாம் தரம் கூப்பிட்டாள். அந்தக் கூப்பாடு கண்டலில் பட்டுத் திரும்பி வருமுன்னே, வலப்பக்கத்து இருட்டுக்குள் தோணிப் பலகையை யாரோ கையால் தட்டும் சத்தம் கேட்டது.

"ஓம், ஓம்" என்றது ஒரு குரல், சலிப்போடு. "இரிக்கன்."